எதிரொலிக்காக எழுதிய இசை

நண்பர்களே, வணக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலிக்கன் திருச்சபை இசையைப் பற்றி, அதன் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் வெறும் பெயர்ப்பட்டியலாகத்தான் முடியும். அதனால் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த இசையில் பாடகர்களோடும் ஆர்கனோடும் கட்டடமும் சேர்ந்து பாடுகிறது. அந்தக் கட்டடத்தின் எதிரொலியைப் பிடிக்காத பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு அது அரைகுறைதான்.

1920களின் நடுப்பகுதி வரை, பாடுகிறவர்கள் ஒரு பெரிய கூம்பின் முன்னால் நெருக்கியடித்து நின்று பாடினால்தான் பதிவாகும். ஒரு பாடகர் குழுவுக்கு அது எப்படி ஒத்துவரும்? சுவரோடு சுவராக நிற்கும் பெரிய குழாய் வாத்தியமான பைப் ஆர்கனைத்தான் கூம்பின் முன்னால் கொண்டுவர முடியுமா? மின்சார மைக்ரோபோன் வந்த பிறகுதான் தேவாலயத்துக்கு உள்ளேயே பதிவு செய்யும் வழி பிறந்தது. 1927இல் ஹெச்.எம்.வி. நிறுவனத்தின் நடமாடும் பதிவு வண்டி லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்குப் போனது. எர்னஸ்ட் லஃப் என்ற சிறுவன், ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் பாடல் ஒன்றைப் பாட, ஜார்ஜ் தால்பன்-பால் ஆர்கன் வாசித்தார். பாடல் பத்தொன்பதாம் நூற்றாண்டுடையதுதான். ஆனால் தேவாலய இசைத்தட்டுக்கு ஒரு பெரிய சந்தை இருக்கிறது என்று காட்டியது அந்தத் தட்டு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயம் எரிந்தது, ஆர்கனும் அழிந்தது. கட்டடத்தைப் பிறகு சீரமைத்தார்கள், வேறு ஆர்கனும் வந்தது. 1927இல் அந்த இடம் எப்படி ஒலித்தது என்பதை இன்று அந்தத் தட்டில்தான் கேட்க முடியும்.

சரி, இருபதாம் நூற்றாண்டு இசைக்கே வருகிறேன். எனக்கு இதில் முதல் பெயர் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் ஹவல்ஸ். 1892இல் க்ளாஸ்டர்ஷயரில் பிறந்தவர். 1910இல் க்ளாஸ்டர் பேராலயத்தில், பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் தாலிஸின் மெட்டு ஒன்றை வைத்து ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எழுதிய தந்தி இசைப் படைப்பு முதன்முதலாக அரங்கேறியபோது ஹவல்ஸ் அங்கே இருந்தார். வயது 17. அன்று இரவு தூக்கம் வராமல் நண்பன் ஐவர் கர்னியோடு ஊர்த்தெருக்களில் சுற்றினாராம். ஓர் இசை அந்தக் கல்தூண்களுக்கு நடுவே எப்படிப் பரவுகிறது, எப்படி அடங்குகிறது என்று அவர் அன்றைக்கே பார்த்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1935இல் அவருடைய மகன் மைக்கேல் ஒன்பது வயதில் போலியோவில் இறந்துபோனான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதி வைத்திருந்த ஒரு ரெக்வியம், அதாவது இறந்தோருக்கான இசை, 1981இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் அதிலிருந்த இசையை எடுத்து விரித்து, மகனுக்காக வேறொரு பெரிய படைப்பாக்கி, 1950இல் க்ளாஸ்டரில் அரங்கேற்றியிருந்தார். அந்தத் துயரம் அவருடைய பின்னாள் இசை முழுவதிலும் ஊறியிருக்கிறது. அவர் சோகத்தைக் கொட்டுகிறவர் அல்ல. ஒரு கார்வையை நீட்டுவார். அது அடங்குவதற்குள் அடுத்ததை அதன்மேல் வைப்பார். முந்தைய சுரத்தின் மிச்சமும் புதிய சுரமும் கூரைக்கடியில் உரசிக்கொள்ளும். அந்த உரசல் தாளில் கிடையாது, கட்டடத்தில்தான் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் தற்காலிக ஆர்கனிஸ்டாக இருந்தார். அப்போது அதே ஊரில் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் தலைமைக் குருவான டீன் எரிக் மில்னர்-ஒயிட், எங்கள் ஆலயத்துக்கு ஒரு தெ தேயும் என்ற துதிப்பாடல் எழுத முடியுமா என்று பழைய ஆங்கிலப் பணத்தில் ஒரு கினி பந்தயம் கட்டினார். 1918இல் கிங்ஸில் ஒன்பது வாசகங்கள், கீதங்கள் ஆராதனையைத் தொடங்கியவரும் இவர்தான். நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் கிறிஸ்துமஸ் நேரத்தில் நடக்கும் அதே ஆராதனை. பந்தயத்தில் பிறந்த தெ தேயும் 1944இல் வந்தது. அடுத்த ஆண்டே மாலை ஆராதனைக்கான இரண்டு பாடல்கள். மூன்றும் ‘கொலீஜியம் ரெகாலே’ என்ற பெயரில் நிற்கின்றன. லத்தீனில் அது கிங்ஸ் கல்லூரியின் பெயர்.

அந்த மாலைப் பாடல்களில் முதலாவது, இயேசுவின் தாய் மரியாளின் பாடல். ட்ரெபிள் என்கிற சிறுவர் குரல்கள் மட்டும் மெதுவாகத் தொடங்குகின்றன. ‘பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி’ என்ற வரியில் பல இசையமைப்பாளர்கள் ஆண் குரல்களையும் ஆர்கனையும் வைத்து முழங்குவார்கள். ஹவல்ஸ் அதை வேண்டாம் என்று வைத்தார். இது ஒரு பெண்ணின் பாடல், முரட்டு பலம் இங்கே பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்து வரும், குழந்தை இயேசுவைக் கண்ட முதியவர் சிமியோனின் பாடலை டெனர் என்கிற உயர்ந்த ஆண் குரல் ஒன்றுக்குக் கொடுத்தார். இரண்டு பாடல்களும் குளோரியா என்கிற ஒரே முடிவுத் துதியில் முடிகின்றன. அதில் குரல்கள் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகும்போது கிங்ஸின் விசிறி வடிவக் கல்கூரை அந்த ஒலியை ஐந்து நொடி அளவுக்குத் தாங்கி நிற்கும்.

அப்புறம் 1951இல் லண்டன் புனித பவுல் பேராலயத்துக்காக இதே மாலைப் பாடல்களுக்கு வேறு இசை எழுதினார். அங்கே குவிமாடத்துக்கு அடியில் ஒலி அடங்க ஒன்பது நொடி வரை ஆகும். அந்த இடத்தில் சுரக்கோவைகளை வேகமாக மாற்றினால் எல்லாம் குழம்பிப்போகும். அதனால் மாற்றங்களை நிதானப்படுத்தினார், கோடுகளை அகலமாக இழுத்தார். ஜான் ஸ்காட் நடத்த, அந்தப் பேராலயக் குழுவே ஹைபீரியன் நிறுவனத்துக்காகப் பாடிய பதிவைக் கேளுங்கள். அதே பாடலை எதிரொலி குறைந்த ஆலயத்தில் பாடிய பதிவையும் கேளுங்கள். இரண்டாவதில் அந்த நிதானம் காரணமில்லாத இழுவையாகத் தெரியும்.

மைக்ரோபோனை எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. கிட்டே வைத்தால் சிறுவர்கள் மூச்சிழுப்பது வரை கேட்கும், கட்டடம் காணாமல் போகும். எட்ட வைத்தால் வார்த்தை கரைந்துவிடும். டேவிட் வில்காக்ஸ் 1957 முதல் 1974 வரை கிங்ஸ் பாடகர் குழுவை நடத்திய காலத்தில் ஆர்கோ நிறுவனம் அங்கே செய்த பதிவுகளில் பெரும்பாலும் அந்த நடு இடம் அமைந்திருக்கிறது. சிறுவர்கள் சுமார் எட்டு வயதில் சேர்ந்து பதின்மூன்று வாக்கில் போய்விடுவார்கள். ஆகவே அந்தப் பதினேழு ஆண்டுகளில் குழுவின் மேல்குரல்கள் பல முறை முழுதாக மாறியிருக்கின்றன. ஆனாலும் ஒரே குழு போலக் கேட்கிறது. அதற்குப் பயிற்சி ஒரு காரணம், அந்தக் கூரை இன்னொரு காரணம்.

அருகிலேயே செயின்ட் ஜான்ஸில் குழுவை நடத்திய ஜார்ஜ் கெஸ்ட் 1951 முதல் 1991 வரை வேறொரு குரலை வளர்த்தார். ஆலயம் சிறியது, எதிரொலி குறைவு. அதனால் சிறுவர்களின் குரலில் கூர்மையும் வெப்பமும் அதிகம். பொதுவாக எனக்குக் கெஸ்ட்டின் குரல்தான் பிடிக்கும். ‘கொலீஜியம் ரெகாலே’வுக்கு மட்டும் கிங்ஸுக்குத்தான் போவேன், அந்தக் கூரைக்காக எழுதியது என்பதால்.

ஆர்கனைப் பற்றிச் சுருக்கமாக. 1960களில் இ.எம்.ஐ. நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் பிரையன் கல்வர்ஹவுஸ் இங்கிலாந்தின் பேராலய ஆர்கன்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். யார்க் பேராலயத்தில் ஃபிரான்சிஸ் ஜாக்சன் வாசித்த தட்டு அதில் ஒன்று. ஜாக்சன் அங்கே 1946 முதல் 1982 வரை ஆர்கனிஸ்ட். 2022இல் 104 வயதில் மறைந்தார். அவருடைய ஆசான் எட்வர்ட் பேர்ஸ்டோவின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1918இல் ஜெப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல்களின் தாக்குதல் நடந்த ஓர் இரவில், ஹவல்ஸ் ராப்சடி என்ற கட்டற்ற வடிவில் தன் மூன்றாவது ஆர்கன் படைப்பை எழுதினார். பெரிய ஆர்கன்களின் 32 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. அதைக் காதைவிட உடம்புதான் உணரும். கைபேசி ஸ்பீக்கரில் அது துளியும் வராது. நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ இல்லாமல் ஆர்கன் பதிவு கேட்டுவிட்டு, எனக்கு இது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1991இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்குத் தனிக் குழு தொடங்கியது. 2022இல் செயின்ட் ஜான்ஸும் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டது. நான் இதை மனமார வரவேற்கிறேன். ஹவல்ஸ் எழுதிய மரியாளின் பாடலைச் சிறுமியர் பாடிய பதிவு ஒன்றை அடுத்து உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதன் பிறகு கிங்ஸ், அதன் பிறகு கெஸ்ட். கேட்டுவிட்டு எது எந்தக் கட்டடம் என்று நீங்களே சொல்லுங்கள், அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.