ஹோஸ்டிங் கொடுத்தவரைக் காணவில்லை

நேயர்களுக்கு வணக்கம். காலையில் உங்கள் இணையதளத்தைத் திறக்கிறீர்கள், திறக்கவில்லை. ஹோஸ்டிங் கொடுத்தவருக்கு, அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்தவருக்கு, மெயில் போட்டால் அது திரும்பி வருகிறது. போனை யாரும் எடுப்பதில்லை. அவருடைய தளத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. ஆண்டுக் கட்டணம் கட்டிய ரசீது மட்டும் கையில் இருக்கிறது.

எனக்கு இது நடந்தது. ஒரு வாசகர் வட்டத்தின் தளம் அது. 11 ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த கட்டுரைகள் அதில் இருந்தன. நான் கடைசியாக பேக்கப் எடுத்து 8 மாதம் ஆகியிருந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்த மெயிலைத்தான் முதலில் உற்றுப் படித்தேன். 'இப்படி ஒரு டொமைனே (இணையப் பெயரே) இல்லை' என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. வேண்டுமென்றே பதில் சொல்லாதவருக்குப் போடும் மெயில் போய்ச் சேர்ந்துவிடும், திரும்பி வராது. இங்கே ஏதோ உடைந்திருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

டொமைன் விவரம் பார்க்க முன்பு ஹூயிஸ் என்ற வசதி இருந்தது. டாட் காம், டாட் நெட் போன்ற பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்டாப் என்பதுதான் அதிகாரபூர்வமான வழி. டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் போதும். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளரின் பெயரும் போன் எண்ணும் பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. டொமைனைப் பதிவு செய்த ரிஜிஸ்ட்ரார் யார், அவர்களிடம் புகார் சொல்லும் மெயிலும் போனும் என்ன, டொமைன் எப்போது காலாவதி, இப்போதைய நிலை என்ன, இவை எல்லாம் அங்கே தெரியும்.

ஹோஸ்டிங் கொடுத்தவருடைய டொமைனைத் தட்டிப் பார்த்தேன். நிலை: ரிடெம்ப்ஷன் பீரியட் (மீட்புக் காலம்). தன் சொந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்! கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு, ஆனால் அதுவரை அந்தப் பெயர் இணையத்தில் வேலை செய்யாது. எங்கள் தளத்துக்கு வழிகாட்டும் நேம்சர்வர்களும் அதே பெயரில்தான் இருந்தன. அதனால் அவரோடு சேர்ந்து நாங்களும் விழுந்தோம்.

அப்படியென்றால் சர்வர் உயிரோடு இருக்கலாம் அல்லவா? கணக்குத் தொடங்கியபோது வந்த வரவேற்பு மெயிலைத் தேடி எடுத்தேன். அதில் சர்வரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதைக் குறிக்கும் எண், இருந்தது. அந்த எண்ணோடு 2083 என்ற போர்ட்டை (சர்வரின் வாசல் எண்) சேர்த்து உலாவியில் அடித்தேன். பாதுகாப்புச் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தது. பெயருக்குப் பதில் எண்ணை அடித்தால் அப்படித்தான் வரும். எண் அந்த மெயிலில் உள்ளதுதானா என்று மறுபடி சரிபார்த்துவிட்டு உள்ளே போனேன். தளத்தை நிர்வகிக்கும் சி-பேனலின் நுழைவுப் பக்கம் வந்தது. பேக்கப் முழுதாக இறங்க 40 நிமிடம். நாற்காலியை விட்டு எழவே இல்லை.

அப்புறம் அந்த ஐபி யாருடையது என்று பார்த்தேன். உலகத்தின் ஐபி முகவரிகளை ஆப்னிக், ஆரின், ரைப், லாக்னிக், ஆஃப்ரினிக் என்ற 5 பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. அங்கே தேடினால் அந்த எண்களை வைத்திருக்கும் டேட்டா சென்டரின் (சர்வர்களை வைத்து நடத்தும் இடம்) பெயர் கிடைக்கும். நாம் பணம் கட்டுபவர் பல நேரம் இடத்தை வாங்கி விற்கும் ரீசெல்லர்தான், இயந்திரம் வேறொருவருடையது. தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற இடைச் சேவை இருந்தால் மட்டும் அவர்களுடைய எண்தான் தெரியும். அப்போது பழைய மெயில்தான் கதி.

டேட்டா சென்டருக்கு எழுதினேன். இன்னொரு வாடிக்கையாளரின் கணக்கை உங்களிடம் தர முடியாது, உங்கள் செய்தியை அவருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால் என் தளத்தையும் யாரோ ஒருவர் இப்படிக் கேட்டு வாங்கிவிடலாமே.

எங்கள் டொமைனுக்குத் தனி வழி. ரிஜிஸ்ட்ராரிடம் நேராகப் போய் டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் கோடு கேட்டேன். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது ஐகான் விதி. டாட் இன் போன்ற நாட்டுப் பெயர்களுக்கு விதி வேறு. உரிமையாளர் மெயிலாக என் முகவரி இருந்ததால் பிழைத்தேன். ரீசெல்லர் தன் முகவரியைப் போட்டிருந்தால் அந்தப் பெயரை மீட்பது பெரும்பாடு. உங்கள் டொமைனில் யார் முகவரி இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

நாலாம் நாள் கோடு வந்தது, தளம் புது இடத்தில் திறந்தது. ஆனால் அதே ஐபியில் வேறு தளங்களும் இருக்குமே என்ற எண்ணம் விடவில்லை. தேடியதில் 9 பெயர்கள் கிடைத்தன. சர்வரையும் நிறுத்திவிடுவதற்குள் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று, உள்ளே போகும் வழியையும் சேர்த்து எல்லோருக்கும் எழுதினேன். இதுவரை 6 பேர் பதில் போட்டிருக்கிறார்கள். மற்ற 3 பேரின் வேறு முகவரிகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.