டீ ஆறுற வரைக்கும்

[காட்சி: குன்னூர். விடியற்காலை. ஜன்னலுக்கு வெளியே வெறும் பனிமூட்டம். ஒரு கை ஸ்டீல் டம்ளர்ல டீயை வடிகட்டுது.]

வணக்கம். டீயை இப்பதான் ஊத்தினேன். டம்ளரைத் தொட முடியல, அவ்வளவு சூடு. இது குடிக்கிற பதத்துக்கு வர்ற வரைக்கும் பேசப் போறேன். ஆறிடுச்சுன்னா வீடியோவும் முடிஞ்சுது.

டீ குடிச்சா மனசு லேசாகுதே, அது நிஜமா, இல்ல நம்ம பிரமையா? இதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல அடுப்புக்குப் போவோம்.

[காட்சி: கொதிக்கிற தண்ணிக்குள்ள தெர்மாமீட்டர். நெருக்கத்தில்.]

தண்ணி தளதளன்னு கொதிக்குது. தெர்மாமீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. 94. பள்ளிக்கூடத்துல 100 டிகிரின்னு படிச்சோம்ல? அது கடல் மட்டத்துக் கணக்கு. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்துல இருக்கு. மேல போகப் போக காத்தோட அழுத்தம் குறையுது, தண்ணி சீக்கிரமே கொதிச்சுடுது. ஊட்டிக்குப் போனா இன்னும் ஒரு டிகிரி குறையும். அதனாலதான் எங்க ஊர்ல குக்கர் இல்லாம பருப்பு வேகுறது பெரும்பாடு. டீத்தூளும் அப்படித்தான், நிறம் இறங்க கொஞ்சம் கூட நேரம் கேட்கும். சமவெளியிலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க, "என்னப்பா இன்னுமா டீ வரல?"ன்னு சமையலறைய எட்டிப் பார்ப்பாங்க. மலை மேல அவசரப்பட்டா வெந்நீர்தான் கிடைக்கும்.

இப்ப இலைக்கு வருவோம். டீயில ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு காஃபின். மூளையில "களைப்பா இருக்கு"ன்னு தகவல் சொல்ற அடினோசின்னு ஒரு பொருள் உண்டு. அது உட்கார வேண்டிய நாற்காலியில காஃபின் போய் உட்கார்ந்துக்கும். களைப்பு அப்படியேதான் இருக்கும், சேதி மட்டும் போய்ச் சேராது. இன்னொண்ணு எல்-தியானின். 1949-ல ஜப்பான்ல தேயிலையில கண்டுபிடிச்ச அமினோ அமிலம். காஃபின் தர்ற படபடப்பை இது கொஞ்சம் தணிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஆனா ஒண்ணு: ஆராய்ச்சியில கொடுக்கிறது பெரும்பாலும் 200 மில்லிகிராம் மாதிரியான அளவு. நம்ம டம்ளர்ல இருக்கிறது அதுல ஒரு சின்னப் பங்கு. அதனால "டீ மனஅழுத்தத்துக்கு மருந்து"ன்னு எவராவது டப்பாவுல அச்சடிச்சு வித்தா, விலையைப் பார்த்துட்டு நகர்ந்துடுங்க.

அப்போ லேசாகிறது எப்படி?

[காட்சி: பேருந்து நிலையத்து டீக்கடை. மாஸ்டரோட கை மேல போகுது, கீழ வருது. டீ கயிறு மாதிரி நீளுது.]

இவர் பண்றதுக்குப் பேர் என்ன? ஆத்துறது. அழற பிள்ளையையும் நாம ஆத்தித் தேத்துறோம். புண்ணு ஆறுது, கோபம் ஆறுது, சாவு வீட்டுக்குப் போனா ஆறுதல் சொல்றோம். எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். உயரத்துலேர்ந்து மெல்லிசா ஊத்தும்போது டீயில காத்து படுற பரப்பு கூடுது, ஆவி பறக்குது, சூடு இறங்குது. பாலோட புரதம் காத்தைப் பிடிச்சு வைக்க, நுரை கட்டுது. உடம்புக்கும் இதுல நல்லது இருக்கு. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பானம் எதுவா இருந்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்னு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல வகைப்படுத்துச்சு. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலையாம்'னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க!

எங்க அப்பாயி கதையைச் சொன்னா இது இன்னும் புரியும். இலங்கையில கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பிறந்தவங்க. அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்துக்கு அப்புறம், தலைமன்னார்ல கப்பலேறி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப் வழியா இங்க வந்தவங்க. அப்படித் திரும்பி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கணும்னு 1968-ல அரசு தொடங்கின தேயிலைத் தோட்டத்துலதான் கொழுந்து பறிச்சாங்க. ரெண்டு இலை, ஒரு துளிர். கடைசி வரைக்கும் டீன்னு சொன்னதே இல்ல, 'தேத்தண்ணி'தான்.

அவங்க விரல் நுனி எப்பவும் கறுப்பா இருக்கும். எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்ப்பாங்க, போகாது. ஃபேக்டரியில பச்சை இலையை நசுக்கிக் காத்தாட விட்டா கறுக்குதே, அதே வேதிமாற்றம்தான் அவங்க விரல்லயும் நடந்திருக்குன்னு காலேஜ் போனப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. நாலு, நாலரை கிலோ பச்சை இலை சேர்ந்தாத்தான் ஒரு கிலோ தூள். அந்தக் கணக்குல அப்பாயி விரல் எத்தனை டம்ளரைத் தாண்டியிருக்குமோ!

வேலை முடிஞ்சு லயத்துக்கு, அதான் தோட்டத்துத் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு, வந்ததும் பால் இல்லாத தேத்தண்ணி. வெல்லத்தை உள்ள போட மாட்டாங்க, உள்ளங்கையில ஒரு துண்டு வச்சுக்குவாங்க. ஒரு கடி, ஒரு மடக்கு. வாசப்படியில உட்கார்ந்துட்டாங்கன்னா பக்கத்துல யாரும் பேசக்கூடாது. நான் ஒருநாள், "அப்பாயி, ஹோம்வொர்க்..."ன்னு ஆரம்பிச்சேன். "இரு தங்கம், அப்பாயி இன்னும் வந்து சேரல"ன்னாங்க. ஆள் எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க! காலையிலேர்ந்து மேடு பள்ளம் ஏறி இறங்கின உடம்பு வீட்டுக்கு வந்துடுச்சு, மனசு இன்னும் மலையிலேர்ந்து இறங்கிக்கிட்டிருக்குன்னு இப்பப் புரியுது. செல்ஃப் கேர்ங்கிற சொல்லை அவங்ககிட்ட சொல்லியிருந்தா, "அது என்ன சோப்பா?"ன்னு கேட்டிருப்பாங்க.

[காட்சி: மறுபடியும் டம்ளர். ஆவி மெலிஞ்சிருக்கு.]

ரெண்டு விஷயம் மட்டும் சட்டுன்னு. சாப்பாட்டோட சேர்த்து டீ வேண்டாம். கீரையிலயும் பருப்புலயும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம டீயோட துவர்ப்பு பிடிச்சு வச்சுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ரத்தசோகை உள்ளவங்க இதை மறக்கவே கூடாது. அப்புறம், குடிச்ச காஃபின்ல பாதி குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுட்டு, தூக்கம் வரலன்னு எனக்கு கமெண்ட்ல எழுதாதீங்க.

சீக்கிரம் வேணும்னா டஸ்ட் தூள். ஒரு நிமிஷத்துலயே இறங்கிடும். முழு இலைத் தேயிலைன்னா மூணு நாலு நிமிஷம் மூடி வைக்கணும். எனக்கு வேலை நாள்ல டஸ்ட், ஞாயித்துக்கிழமை இலை. அந்த மூணு நிமிஷம் போனை அடுத்த ரூம்ல வச்சுடுவேன். முதல் வாரம் கை சும்மா சும்மா பாக்கெட்டைத் தடவிச்சு, சிரிப்பா வந்துச்சு.

[காட்சி: டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறாங்க.]

ம்... பிடிக்க முடியுது. ஏடு கட்டியிருக்கு, பரவாயில்ல. நான் குடிக்கப் போறேன், கேமராவை அணைச்சுடுறேன்.