புகையை எடை போடுவது எப்படி?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எரிசக்தி நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், எங்கோ ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். எங்கள் கார்பன் தடம், அதாவது எங்களால் காற்றில் கலக்கும் கரியமில வாயு, மீத்தேன் போன்ற பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் அளவு, இத்தனை லட்சம் டன், போன ஆண்டைவிட இவ்வளவு குறைவு என்று. அந்த எண் எங்கிருந்து வந்தது? யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்? உமிழ்வுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால், அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணில் பெரும்பகுதி அளந்து வந்ததல்ல, கணக்குப் போட்டு வந்தது. சில இடங்களில் கணக்கே போதும். சில இடங்களில் நேரில் போய் அளக்காமல் உண்மை தெரியவே தெரியாது.

கணக்கு நன்றாக வேலை செய்யும் இடம், அனல் மின் நிலையம். கார்பனின் அணு எடை 12. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகும்போது மூலக்கூறு எடை 44. அதாவது ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிந்தால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு வெளியேறும். கொதிகலனுக்குப் போகும் நிலக்கரியைக் கன்வேயர் பெல்ட்டிலேயே எடை போட்டுவிடுகிறார்கள். மாதிரி எடுத்து, அதில் கார்பன் எவ்வளவு, வெப்ப மதிப்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். சாம்பலில் எரியாமல் தங்கிய கார்பனைக் கழிக்கிறார்கள். ஆய்வக விவரம் இல்லாதவர்கள், காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி தந்திருக்கும் பொது மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு, பிட்டுமினஸ் என்ற வகை நிலக்கரி என்றால் 94.6 கிலோ கரியமில வாயு, இயற்கை எரிவாயு என்றால் 56.1 கிலோ. பல நாடுகளில் புகைபோக்கியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவியையும் பொருத்தியிருக்கிறார்கள். எரிந்ததற்கும் வெளியேறியதற்கும் இரண்டு பக்கமும் சாட்சி இருப்பதால், இங்கே பெரிய பிழைக்கு இடம் குறைவு.

அடுத்து, எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி. 2001-ல் வெளியான ஜிஎச்ஜி (பசுமைக்குடில் வாயு) புரோட்டோகால் என்ற கணக்கு முறையைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். நிறுவனத்தின் சொந்தக் கொதிகலன், வாகனம், கசிவு இவையெல்லாம் ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரமும் வெப்பமும் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3, அதற்குள் 15 வகைகள். எண்ணெய் நிறுவனத்துக்கு இதில் 11-வது வகைதான் மிகப் பெரியது. விற்ற பொருளை வாங்கியவர்கள் பயன்படுத்தும்போது வெளியேறுவது, அதாவது பெட்ரோலும் டீசலும் வண்டியில் எரியும்போது வரும் புகை, அதில்தான் அடங்கும். எண்ணெய் நிறுவனத்தின் மொத்தத் தடத்தில் மிகப் பெரும் பங்கு இதுதான். ஆகவே "எங்கள் செயல்பாடுகளில் நிகர பூஜ்யம்", அதாவது வெளியேற்றுவதையும் ஈடுசெய்வதையும் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை, என்று ஒரு நிறுவனம் சொன்னால், "செயல்பாடுகளில்" என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். விற்கும் எண்ணெய் அந்த வாக்குறுதிக்கு வெளியே நிற்கிறது.

இனி மீத்தேன். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். எரிந்துவிட்டால் நிலக்கரியைவிடக் குறைவாகவே கரியமில வாயு தரும். எரியாமல் கசிந்தால் கதையே வேறு. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் பூமியைச் சூடாக்கும். கசிகிற வாயுவுக்கு எந்த மீட்டரும் கிடையாது. அதனால் நிறுவனங்கள் தளத்தில் எத்தனை வால்வு, எத்தனை இணைப்பு, எத்தனை கம்ப்ரசர் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரிக் கசிவால் பெருக்கிவிடும். அந்தச் சராசரிக்கும் நிஜத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து வெளியேறும் மீத்தேன், அரசின் அதிகாரபூர்வக் கணக்கைவிட சுமார் 60 சதவீதம் அதிகம்.

ஏன் இப்படி? ஓர் எண்ணெய்க் கிணற்றுத் தளத்தில் நின்று பாருங்கள். வெள்ளை பூசிய சேமிப்புத் தொட்டி, மேலே தெளிந்த வானம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அகச்சிவப்புக் கேமராவை அந்தத் தொட்டியின் மேல்மூடிப் பக்கம் திருப்பினால், திரையில் கன்னங்கரேலென்று ஒரு புகை, காற்று வீசும் திசையில் சாய்ந்து நெளிந்து போய்க்கொண்டிருக்கும். மூடியின் கேஸ்கெட் தேய்ந்திருக்கலாம், யாரோ திறந்து அளவு பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் போயிருக்கலாம். கணக்குத் தாளில் அது ஒரு மூடி, ஒரு சராசரி, அவ்வளவுதான். நிஜத்தில் அந்த ஒரு மூடி, பக்கத்திலிருக்கும் நூறு நல்ல மூடிகளைவிட அதிகம் கசியவிடும். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது இதையே. கசியும் இடங்களில் மிகச் சிலவே மொத்தக் கசிவில் பாதிக்கு மேல் தருகின்றன. சராசரி போட்டால் அந்தச் சில இடங்கள் கண்ணிலேயே படாது.

உபரி வாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் கோபுரங்களிலும் இதே கதைதான். வருகிற வாயுவில் 98 சதவீதம் எரிந்துவிடும் என்பது வழக்கமான அனுமானம். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளில் விமானத்திலிருந்து அளந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மையில் அழிந்தது சுமார் 91 சதவீதம்தான். சில கோபுரங்கள் அணைந்தே கிடந்தன. 2 சதவீதம் தப்புகிறது என்று எழுதிய இடத்தில் 9 சதவீதம் தப்பியிருக்கிறது. 2015 அக்டோபரில் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்புக் கிணறு ஒன்று உடைந்தது. அடைக்க அடுத்த பிப்ரவரி ஆனது. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. வால்வுகளை எண்ணிப் போடும் எந்தக் கணக்கிலும் இப்படி ஒரு நிகழ்வு வராது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் கொண்டுவந்த ஓஜிஎம்பி 2.0 என்ற ஏற்பாடு, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் தங்கள் மீத்தேனை அளந்து அறிவிப்பதற்கானது, இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. அறிவிக்கும் தரத்துக்கு அதில் ஐந்து படிகள். கடைசிப் படியில், ஒவ்வொரு கருவியாகக் கூட்டி வந்த தொகையையும், தளம் முழுவதையும் ட்ரோன், விமானம் போன்றவற்றால் அளந்த தொகையையும் ஒப்பிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று விளக்கம் தர வேண்டும். பெரிய கசிவுகளை 2017-ல் ஏவிய சென்டினல்-5பி போன்ற செயற்கைக்கோள்களும் காட்டிக்கொடுக்கின்றன. இங்கே ஒரு வேண்டுகோள். முதல் முறை நேர்மையாக அளக்கும் நிறுவனத்தின் எண் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்துக்காக அதைத் திட்டினால், அடுத்த நிறுவனம் அளக்கவே பயப்படும்.

சரி, குறைப்பது எப்படி? மீத்தேனில் வழிகள் தெரிந்தவைதான். மின்சாரம் எட்டாத தளங்களில் வால்வைத் திறந்து மூடும் நியூமேட்டிக் கருவிகள் குழாயில் ஓடும் எரிவாயுவின் அழுத்தத்திலேயே இயங்கும். இயங்கும்போதெல்லாம் கொஞ்சம் வாயுவை வெளியே விடும். பழுதினால் அல்ல, அதன் அமைப்பே அப்படி. அதை அழுத்தக் காற்றுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றலாம். தொட்டியில் சேரும் ஆவியைப் பிடித்துத் திரும்பக் குழாய்க்கே அனுப்பலாம். பராமரிப்புக்காகக் குழாயைத் திறக்கும் முன் உள்ளிருக்கும் வாயுவை அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடலாம். இத்துறையின் மீத்தேனில் சுமார் 70 சதவீதத்தை இப்போதுள்ள தொழில்நுட்பத்திலேயே தவிர்க்க முடியும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. பிடித்த வாயுவை விற்கவும் முடியும் என்பதால், இதில் தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மின் உற்பத்தியில் ஆலையின் செயல்திறனைக் கூட்டுவது உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். எரிபொருளையே மாற்றினால்தான் எண் பெரிதாக இறங்கும். டென்மார்க்கின் டாங் எனர்ஜி நிறுவனம் நிலக்கரியை விட்டுக் கடல் காற்றாலைகளுக்குத் திரும்பி, 2017-ல் எண்ணெய், எரிவாயு உற்பத்தித் தொழிலையும் விற்று, ஊர்ஸ்டெட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. நார்வேயில் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கரியமில வாயுவைப் பிரித்துக் கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள், தொடக்கத்தில் பல ஆண்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை. அந்நாடு 1991-லேயே கார்பன் வரி போட்டதுதான் அதற்கு முக்கியத் தூண்டுதல்.

எண்ணெய் வயலை விற்பது என்று சொன்னேனே, அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வயலை விற்றுவிட்டால் விற்ற நிறுவனத்தின் தடம் மறுநாளே குறைந்துவிடும். வாங்கியவர் அதே கிணற்றில் அதே எண்ணெயை எடுத்துக்கொண்டிருப்பார், வாயு மண்டலத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதனால்தான், பெரிய சொத்தை விற்றாலோ வாங்கினாலோ ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் அடிப்படை ஆண்டின் கணக்கையும் திருத்திப் போட வேண்டும் என்று ஜிஎச்ஜி புரோட்டோகால் விதித்திருக்கிறது. இப்படித் திருத்திய பிறகும் குறைவு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்ற விகிதம் இறங்கி, உற்பத்தி அதைவிட வேகமாகக் கூடினால் மொத்த டன் ஏறத்தான் செய்யும். எனவே விகிதத்தோடு மொத்தத்தையும் கேளுங்கள். காடு வளர்ப்புச் சான்றிதழ் வாங்கிக் கழித்த டன்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கழிப்பதற்கு முன்னிருந்த எண்ணைத் தேடுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். அது கார்பன் அறிக்கையில் இருக்காது, நிதி அறிக்கையில் இருக்கும். மூலதனச் செலவு என்ற தலைப்பில், இந்த ஆண்டு புதுக் கிணறுகளுக்கு எவ்வளவு, காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். இன்று தோண்டும் கிணறு பல பத்தாண்டுகள் ஓடும். அந்த நிறுவனத்தின் 2040-ம் ஆண்டுத் தடம் எப்படி இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்வது அந்தப் பக்கம்தான்.

நன்றி. வணக்கம்.