கேன், மஸ்ட், ஷுட் வந்தால் பின்னால் வரும் வினைக்கு வால் இல்லை

திரையில்: கல்லடிப் பாலம், கீழே வாவி. மேலே ஒரு வசனம்: தி ஃபிஷ் கேன் சிங்ஸ்.

வணக்கம். மட்டக்களப்புக்காரரிடம் ஊரைப் பற்றி இங்கிலீஷில் ரெண்டு வசனம் சொல்லுங்கள் என்றால் முதலில் வாயில் வருவது பாடும் மீன்தான். ஆனால் பாதிப்பேர் 'தி ஃபிஷ் கேன் சிங்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். மீன் ஒருமை, ஒருமைக்கு எஸ் போட வேண்டும் என்று டியூசனில் திரும்பத் திரும்பப் பாடமாக்கிய பழக்கம். மீன் உண்மையிலேயே பாடுதோ இல்லையோ, அந்த எஸ் அங்கே வரவே கூடாது. 'தி ஃபிஷ் கேன் சிங்'. அவ்வளவுதான்.

திரையில்: கேன், குட், ஷல், ஷுட், வில், வுட், மே, மைட், மஸ்ட்.

இந்த ஒன்பதும்தான் மோடல் வேர்ப். இதில் எது வந்தாலும் பின்னால் வரும் வினைச்சொல் அகராதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்கும். எஸ் இல்லை, ஈடி இல்லை, ஐஎன்ஜி இல்லை, முன்னுக்கு ஒரு 'டு'வும் இல்லை. இதையெல்லாம் மொத்தமாக வால் என்று வைத்துக்கொள்வோம், லேசாக இருக்கும். கோ என்றால் கோ. ஹாஸ் என்று எழுத நினைத்தீர்களா, ஹாவ். இஸ், ஆம், ஆர் எல்லாம் பி.

இதில் வேடிக்கை என்னவென்றால் தமிழில் இதே வேலையை நாம் பிழையே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம். நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், பிள்ளைகள் போக வேண்டும். 'அவள் போகிறாள் வேண்டும்' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. நேற்றைய கதை என்றாலும் 'போக வேண்டியிருந்தது'தான், 'போக' அசையாமல் இருக்கிறது, மாறுவதெல்லாம் 'வேண்டும்' பக்கம். பிறகு ஏன் இங்கிலீஷில் தடக்குப்படுகிறோம்? ஒன்று, அந்த எஸ் பயம். மற்றது, 'போக' என்றால் 'டு கோ' என்று கொப்பியில் எழுதிப் படித்திருக்கிறோம், அதனால் மனதில் 'போக வேண்டும்' வந்தவுடனே கை தானாக 'மஸ்ட் டு கோ' என்று எழுதிவிடுகிறது. போகலாம் என்பது 'கேன் டு கோ' ஆகிறது. அந்த 'டு'வை வெட்டிவிடுங்கள். மஸ்ட் கோ, கேன் கோ.

பொத்துவில், அறுகம்பே பக்கம் சீசன் நேரத்தில் த்ரீவீல் ஓட்டும் தம்பிமார் 'யூ கேன் கோயிங் எலிபன்ட் ராக்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரருக்கு விளங்கும், ஏறி உட்காருவார், காசும் வரும். றோட்டில் நின்று பேசுவதற்குப் பிழை பிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் அதே தம்பி பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்கு வேலை கேட்டு எழுதும்போது 'ஐ கேன் ஸ்பீக்கிங் இங்கிலீஷ்' என்று போட்டால், இங்கிலீஷ் தெரியும் என்று சொல்ல வந்த வசனமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இதுவரைக்கும் லேசு. இனித்தான் நல்லாகத் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள்.

மோடலுக்கும் வினைக்கும் நடுவில் வேறொரு சொல் புகுந்தால் நாம் மோடலை மறந்துவிடுகிறோம். 'ஹி மஸ்ட் ஆல்வேஸ் வெயார் எ ஹெல்மெட்'. நடுவில் ஆல்வேஸ் வந்ததால் 'வெயார்ஸ்' என்று கை இழுக்கும், விடாதீர்கள். ஒரே மோடலுக்குக் கீழே இரண்டு வினை வந்தாலும் அப்படித்தான். அவளுக்கு வாசிக்கவும் எழுதவும் முடியும் என்றால் 'ஷி கேன் ரீட் அண்ட் ரைட்'. முதலாவதைச் சரியாக எழுதிவிட்டு 'அண்ட்' தாண்டியதும் 'ரைட்ஸ்' என்று எழுதும் பிள்ளைகள் நிறைய.

அடுத்தது இறந்தகாலம். லேடி மேனிங் பாலம், அதாவது நம்முடைய பழைய கல்லடிப் பாலம், கட்டியது 1924இல். அதற்குப் பிறகு சனங்களால் வாவியைப் பாலத்தால் கடக்க முடிந்தது என்று எழுத வேண்டும். நூறு வருடப் பழைய கதையாயிற்றே என்று 'பீப்பிள் குட் க்ரொஸ்ட்' என்று எழுதத் தோன்றும். இல்லை, 'பீப்பிள் குட் க்ரொஸ்'. குட் என்பதே காலத்தைச் சொல்லிவிட்டது, க்ரொஸ் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

திரையில்: ஷி ஷுட் ஹாவ் லெஃப்ட் ஏர்லியர்.

இது மட்டக்களப்பு ஸ்டேஷனில் உதயதேவி ரயிலைத் தவறவிட்டவருக்கான வசனம். அவள் நேரத்தோடு புறப்பட்டிருக்க வேண்டும். 'ஷி' இருக்கிறதே, 'ஹாஸ்' வராதா என்று கேட்பீர்கள். வராது, ஷுட் பக்கத்தில் நிற்கிறது, அதனால் ஹாவ். நடந்து முடிந்த கதைதானே, 'ஹாட்' போடலாமா? அதுவும் இல்லை. அப்போ 'லெஃப்ட்' மட்டும் எப்படி மாறி நிற்கிறது? அதை மாற்றுவது ஷுட் இல்லை, ஹாவ். மோடலுக்கு நேர் பின்னால் நிற்கும் முதல் வினைக்குத்தான் வால் கிடையாது, அதற்கப்புறம் வருவது ஹாவ் சொல்படி கேட்கும். இதை வேகமாகப் பேசும்போது 'ஷுடவ்' என்று காதில் விழும், அதைக் கேட்டு இங்கிலாந்தில் பிறந்தவர்களே 'ஷுட் ஒவ்' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பிழைக்கு நாம் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

அறிவித்தல் பலகைகளுக்கு வருவோம். 'ஷூஸ் மஸ்ட் ரிமூவ்' என்று ஒரு பலகை இருந்தால், சப்பாத்து எதையோ கழற்ற வேண்டும் என்று அர்த்தம் வருகிறது. கழற்றப்படுவதல்லவா சப்பாத்து, அதனால் 'ஷூஸ் மஸ்ட் பி ரிமூவ்ட்'. நடுவில் அந்த பி இல்லாமல் சரிவராது. வால் இருக்கக்கூடாது என்று படித்துவிட்டு 'மஸ்ட் பி ரிமூவ்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பி தான் மோடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ரிமூவுக்கு வால் வரத்தான் வேண்டும்.

மறுகா ஒன்று. இரண்டு மோடலை ஒட்டி வைக்க முடியாது. 'அடுத்த வருடம் என்னால் ஓட்ட முடியும்' என்பதற்கு 'ஐ வில் கேன் டிரைவ்' என்று வராது, 'ஐ வில் பி ஏபிள் டு டிரைவ்'. கேள்வியிலும் டூ, டஸ், டிட் எதையும் கூப்பிடாதீர்கள். 'டஸ் ஹி கேன் ஸ்விம்' இல்லை, 'கேன் ஹி ஸ்விம்'.

டு கேட்கும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள்: ஓட் டு, ஹாவ் டு, யூஸ்ட் டு. இதில் ஹாவ் டு சாதாரண வினை மாதிரி ஆளுக்கேற்ப மாறும், 'ஷி ஹாஸ் டு கோ'. ஆனால் பாருங்கள், அங்கேயும் 'கோ'வுக்கு வால் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு 'ஹி கேன்ஸ்' என்று ஏன் வராது என்று யாராவது கேட்பீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய இங்கிலீஷில் கேன், ஷல், மே எல்லாம் இறந்தகால உருவத்தில் இருந்துகொண்டு நிகழ்காலத்தைச் சொன்ன வினைகள். 'அவன் பாடினான்', 'ஹி சாங்' என்பதற்கு எஸ் போடுகிறோமா? அதே காரணம்தான். மஸ்ட்டும் ஒரு காலத்தில் இறந்தகாலச் சொல்லாக இருந்து நிகழ்காலத்துக்கு வந்தது, அதனால்தான் இன்றைக்கு அதற்குத் தனி இறந்தகாலம் இல்லாமல் 'ஹாட் டு'வை இரவல் வாங்குகிறோம். இதைவிட எனக்குப் பிடித்தது குட் என்ற சொல்லில் சத்தமே இல்லாமல் இருக்கும் எல். அது அங்கே பிறந்த எழுத்தே இல்லை. ஷுட்டுக்கும் வுட்டுக்கும் எல் இருக்கிறதென்று பார்த்து, பிற்காலத்தில் இதற்கும் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். ஸ்பெல்லிங் பாடமாக்கும்போது அந்த எல்லைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

திரையில்: வி மஸ்ட் டு கேட்ச் தி பஸ். இட் மைட் ரெய்ன்ஸ் டுநைட். ஹி குட் ஹாட் கோல்ட் மி.

மூன்றும் பிழை. வீடியோவை நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள்.

எழுதியாச்சா? முதலாவதில் டு போகும், ஏறாவூர் பஸ்ஸோ கல்முனை பஸ்ஸோ, 'மஸ்ட் கேட்ச்'தான். இரண்டாவதில் எஸ் போகும். மூன்றாவதில் 'கோல்ட்'டைப் பிடித்து 'கோல்' என்று திருத்தியிருந்தால் பிழையான ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அங்கே திருத்த வேண்டியது ஹாட், 'ஹி குட் ஹாவ் கோல்ட் மி'.