தெரியாத கல்லில் தோசை

நேயர்களுக்கு வணக்கம். பழகாத அடுப்பில், பழகாத கல்லில் தோசை வார்ப்பவர் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். முதல் தோசை ஒட்டும், தீயைக் குறைப்பார். மூன்றாவதற்குள் கல்லின் குணம் பிடிபட்டுவிடும். ஆனால் அதுவரை பந்தி காத்திருக்காது. கற்றுக்கொண்டே வார்க்க வேண்டும்.

ஆலை இயந்திரங்களிலும் இதே பாடுதான். சோவியத் அறிஞர் ஃபெல்ட்பாம் 1960இல் இதை 'இரட்டைக் கட்டுப்பாடு' என்றார். கட்டுப்பாட்டுக் கருவி இடும் ஒவ்வொரு கட்டளையும் இயந்திரத்தை இலக்குக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே அதைத் தட்டிப் பார்த்து அறியவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து மிகச் சிறந்த விடை காண்பது சின்னச் சின்னக் கணக்குகளுக்குத்தான் சாத்தியம்.

அதனால் பொறியாளர்கள் குறுக்கு வழியில் போனார்கள். ஸ்வீடனில் ஆஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் 1973இல் தந்த வழிமுறை அப்படிப்பட்டது. காகித ஆலையை எடுத்துக்கொள்வோம். தாளின் ஈரம் இவ்வளவு வரும் என்று கருவி ஊகிக்கிறது; அளந்தால் வேறாக இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கொண்டு, இயந்திரத்தின் குணத்தைச் சொல்லும் கணக்கு மாதிரியின் எண்களைச் சற்றுத் திருத்துகிறது. திருத்திய எண்களையே உண்மை என்று நம்பி, நீராவி வால்வை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிறது. அடுத்த அளவு வந்ததும் மறுபடியும் இதே வேலை.

இயந்திரத்தின் குணம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பழையதை மறக்கவும் வேண்டும். ஒவ்வொரு புது அளவு வரும்போதும் பழைய தகவலின் மதிப்பை ஒரு 'மறதி எண்'ணால் பெருக்கிக் குறைப்பார்கள். அதை 0.98 என்று வைத்தால், 50 அளவுகளுக்கு முன் வந்த தகவலுக்கு 0.36 பங்கு மதிப்புதான்.

வில்லங்கம் இங்கேதான். கட்டுப்பாடு பிரமாதமாக நடந்தால் எதுவும் அசையாது. அசையாவிட்டால் புதுத் தகவல் இல்லை. பழையதோ மறந்துகொண்டே போகிறது. கடைசியில் மாதிரி காலியாகி, ஒருநாள் வால்வு பேயாட்டம் ஆடும். அந்த ஆட்டத்தில் தகவல் கொட்டும். கருவி மறுபடி கற்று அடங்கும். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை மாதிரி!

வேண்டுமென்றே வால்வை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். ஆனால் அந்த ஆட்டம் தாளின் ஈரத்திலும் தெரியுமே? என்னைக் கேட்டால், புதுத் தகவல் இல்லாத நேரத்தில் மறப்பதையும் கற்பதையும் நிறுத்திவைப்பதே மேல். இயந்திரம் மறுபடி அசையும்போது தொடரட்டும்.