சூரன் வராத சூரசம்ஹாரம்

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், இவ்வளவு அழகாகப் பேசியும் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எதிரணியினருக்கும், சாம்பார் சாதம் எப்போது வரும் என்று பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற என் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 'கார்ட்டூன் படத்தை வைத்துக் கட்டிய சவாரியில் ரசிகர் ஏமாறுவது யாரால்? அளவுக்கு மீறி எதிர்பார்த்த ரசிகராலா, அதைக் கட்டியவராலா?' கட்டியவரால்தான் என்பது எங்கள் அணி. உதாரணம் தேடி நான் ரொம்ப தூரம் போகவில்லை. இந்த அரங்கிலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால் அனஹைம். அங்கே டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர் என்கிற கேளிக்கைப் பூங்காவில், 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தை வைத்துக் கட்டி 2011 ஜூன் 3-ம் தேதி திறந்த ஏரியல் சவாரி ஒன்றே போதும். இங்கே பாதிப் பேர் அதில் ஏறி இறங்கியவர்கள்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். "படம் 83 நிமிடம், சவாரி 6 நிமிடம். ஆறு நிமிடத்துக்குள் மொத்தப் படத்தையும் கேட்பது பேராசை" என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். கணக்குச் சரி என்பதால் நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, மொத்தப் படத்தையும் யார் கேட்டது? பக்கத்துப் பூங்காவில், 1955-ல் டிஸ்னிலாண்ட் திறந்தபோதே வந்த பீட்டர் பான் சவாரி இருக்கிறது. மூன்று நிமிடம்கூட ஓடாது. அதற்குள் கப்பல் பறந்துவிடுகிறது, ராத்திரி லண்டன் விளக்குகளோடு காலுக்குக் கீழே போகிறது, பறக்கும் சிறுவன் பீட்டரும் கடற்கொள்ளையன் ஹூக்கும் வாள்சண்டை போடுகிறார்கள், கடைசியில் ஹூக் முதலையின் வாயில் காலை அகட்டிக்கொண்டு தவிக்கிறான். எழுபது வருடமாகியும் அதன் வாசலில் வரிசை குறையவில்லை. அரை நேரத்தில் அவர்களால் முடிந்தது என்றால், குறை கடிகாரத்தில் இல்லை.

சரி, ஏரியலுக்கு வருவோம். 'தி லிட்டில் மெர்மெய்ட்' 1989-ல் வந்த படம். கதை உங்களுக்குத் தெரியும். ஏரியல் என்கிற கடல்கன்னிக்கு மனித உலகத்தின் மேல் ஆசை. புயலில் மூழ்கப்போன இளவரசன் எரிக்கைக் காப்பாற்றுகிறாள். அவனுக்காகத் தன் குரலை அர்சுலா என்கிற கடல் சூனியக்காரியிடம் அடகு வைத்துக் கால் வாங்குகிறாள். அர்சுலா ஏமாற்றுகிறாள். மகளை மீட்க அப்பா ட்ரைடன் தன்னையே கொடுக்கிறார். அவருடைய கிரீடமும் திரிசூலமும் கைக்கு வந்ததும் அர்சுலா கடலைப் பிளந்துகொண்டு விஸ்வரூபம் எடுக்கிறாள். உடைந்த கப்பலின் முனையை எரிக் அவள் வயிற்றில் பாய்ச்சுகிறான். அப்புறம்தான் கல்யாணம்.

இப்போது சவாரியில் ஏறுங்கள். வண்டி ஒரு சிப்பி. முதலில் ஸ்கட்டில் என்கிற கடல்புறா வரவேற்கிறது. சிப்பி மெதுவாகத் திரும்பி, பின்பக்கமாகச் சரிந்து கீழே இறங்குகிறது. தலைக்கு மேல் நீர்மட்டம் ஏறுவது போல ஒளி, முகத்தில் ஜில்லென்று காற்று. நன்றாகவே செய்திருக்கிறார்கள், மறுக்கமாட்டேன். அடுத்தது குகை. ஏரியல் தன் சேகரிப்பின் நடுவே பாடுகிறாள். அடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட மீனும் நண்டுமாக ஆட்டம், பாட்டம், செபாஸ்டியன் என்கிற நண்டின் கச்சேரி. அடுத்து அர்சுலா. பொம்மையின் உயரம் ஏழரை அடி. (இந்த அளவை வைத்தவர் வீட்டில் யாரோ தமிழ் ஜோசியம் தெரிந்தவர் இருந்திருக்க வேண்டும்.) அவளும் பாடுகிறாள். அடுத்து படகில் எரிக்கும் ஏரியலும். சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் பாடுகிறார்கள்.

அதற்கு அடுத்து? ஓரத்தில் ஒரு நிழல். மின்னல் மாதிரி ஒரு வெட்டு. அது அர்சுலா செத்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் சிப்பி நகர்ந்துவிடும். அடுத்த அறையில் கல்யாணம், மாப்பிள்ளை, பெண், மாமனார், வாணவேடிக்கை, இறங்கும் வாசல்.

நடுவர் அவர்களே, நீங்கள் தென்மாவட்டத்துக்காரர். திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்த சஷ்டி ஆறாம் நாள் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள். யானைமுகன் வருவான், சிங்கமுகன் வருவான், பிறகு சூரபத்மனே வருவான். தலையைக் கழற்றி வேறு தலை மாட்டுவது லட்சம் பேர் கண்ணுக்கும் தெரியும். அது மரப்பொம்மை என்பதும் தெரியும். ஆனாலும் வேல் பாய்கிற அந்த நொடிக்கு மொத்தக் கடற்கரையும் சத்தம் போடும். அந்தக் கூட்டத்திடம் போய், "சூரனை ஏற்கெனவே முடித்துவிட்டோம், அதோ பாருங்கள் நிழல் தெரிகிறது, எல்லாரும் நேராகத் திருக்கல்யாணத்துக்கு வாருங்கள்" என்று சொன்னால், "உங்கள் எதிர்பார்ப்புதான் ஜாஸ்தி" என்று நம் எதிரணி அங்கே போய் நின்று சொல்லுமா? சொல்லிவிட்டு முழுதாகத் திரும்பி வருமா?

நீக்கியது சண்டையை மட்டும் இல்லை. புயலும் கப்பல் கவிழ்வதும் சவாரியில் இல்லை. அவள் எரிக்கைக் காப்பாற்றுகிற இடம் இல்லை என்றால், எதற்காகக் குரலை விற்றாள்? அப்பாவின் தியாகம் இல்லை. கதையில் எங்கெல்லாம் யாராவது எதையாவது இழக்கிறார்களோ அதெல்லாம் போய்விட்டது. எங்கெல்லாம் பாட்டு வருகிறதோ அதெல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் பார்த்து வளர்ந்தவள் நான். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதைப் போட்டுவிட்டு "முழுப் படம் போட்டோம்" என்று தூர்தர்ஷன் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏன் இப்படி ஆனது? இங்கேதான் என் வாதத்தின் மையம். அந்தச் சிப்பிகள் தனித்தனி வண்டிகள் இல்லை. ஒரே சங்கிலியில் கோத்த மாலை. ஆம்னிமூவர் என்று பெயர், 1967-ல் டிஸ்னிலாண்டில் முதன்முதலாக வந்தது. சங்கிலி நிற்பதே இல்லை. ஆள் ஏறும்போதும் ஓடும், இறங்கும்போதும் ஓடும். அதனால் மணிக்கு 2,000 பேரைக்கூட ஏற்றி இறக்கலாம். திருப்பதி தரிசனம் தெரியாதவர் இங்கே உண்டா? அதே ஜருகண்டிதான், உட்கார்ந்துகொண்டே.

இதில் ஒரு சிக்கல். உங்களுக்கு முன்னால் சில நொடி இடைவெளியில் ஒரு சிப்பி, பின்னால் ஒரு சிப்பி. எந்த அறையிலும் "இப்போது" என்று ஒன்று கிடையாது. பாட்டு என்றால் கவலை இல்லை, பல்லவியைச் சுழலவிட்டால் யார் எப்போது வந்தாலும் கேட்கலாம். ஆனால் சாவு? உங்கள் கண்முன் அர்சுலா செத்துவிட்டால், பின்னால் வருகிற சிப்பிக்கு யார் சாவது? கதையில் ஒரே ஒருமுறை நடக்கிற விஷயத்துக்கு அந்தச் சங்கிலியில் இடமே இல்லை. வண்டியை முதலில் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு ஏற்றபடி கதையை வெட்டினார்கள். கட்டிலின் நீளத்துக்குக் காலை வெட்டிய கதை.

இதே சங்கிலியில்தான் ஹாண்டட் மேன்ஷனும் 1969-லிருந்து ஓடுகிறது, எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று எதிரணி கேட்கலாம். கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அது எந்தப் படத்திலிருந்தும் பிறக்கவில்லை. பேய் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இந்த அறைப் பேய் முதலா அந்த அறைப் பேய் முதலா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வண்டிக்காகவே எழுதிய வீடு அது. ஏரியலுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருந்தது.

அந்தச் சங்கிலியிலும்கூட ஏரியல் கதைக்கு வழி இல்லாமல் இல்லை. ஓர் அறையில் அர்சுலா எழுகிறாள், அடுத்த அறையில் கப்பல் முனை பாய்ந்தபடி நிற்கிறது. இரண்டும் அசையாச் சிற்பமாக இருந்தாலே போதும், சிப்பி நகர்வதே சண்டையாகிவிடும். அதற்கு ஓர் அறை அளவு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அந்தப் பூங்காவைச் சீர்படுத்த 110 கோடி டாலர் ஒதுக்கிய காலம் அது. அடுத்த வருடம், 2012 டிசம்பரில், புளோரிடாவில் இன்னொன்று திறந்தார்கள். வெளியே அரண்மனை, அருவி, குகை என்று வரிசையே பிரமாதம். உள்ளே அதே பாட்டு, அதே நிழல், அதே கல்யாணம்.

"எதிர்பார்ப்பை ரசிகர்களே வளர்த்துக்கொண்டார்கள்" என்று எதிரணித் தலைவர் அக்கா சொன்னார். அக்கா, வளர்த்தது யார் தெரியுமா? 2006-ல் இந்தப் படத்தின் சிறப்பு டிவிடி வந்தது. பாரிஸ் டிஸ்னிலாண்டுக்காக 90-களில் டிஸ்னியின் சவாரி வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டர் குழு யோசித்து, கட்டாமலே போன ஓர் ஏரியல் சவாரியைக் கணினி வரைகலையில் ஓட்டி அதில் போட்டிருந்தார்கள். மேலிருந்து தொங்குகிற வண்டி நீந்துவது போலப் போகும். அதில் விஸ்வரூப அர்சுலாவும் உண்டு. ஐந்து வருடம் ரசிகர்கள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பெண் வீட்டாரே ஜாதகத்தோடு போட்டோவும் அனுப்பிவிட்டு, மணமேடையில் வேறு பெண்ணை உட்காரவைத்தால், போட்டோவைப் பார்த்தது மாப்பிள்ளையின் பேராசையா?

இன்னொன்று, இது கொஞ்சம் சிரிப்பு. சவாரி திறந்த புதிதில், அந்த ஆட்டக் காட்சியில் ஏரியலின் கூந்தல் மேலே சுருண்டு நின்றது. தண்ணீருக்குள் மிதக்கிற கூந்தலாம். பார்த்தவர்களுக்குக் கோனில் பிழிந்த ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது. கேலி செய்தார்கள். கொஞ்ச நாளிலேயே கூந்தலை மாற்றிவிட்டார்கள். ரசிகர் சொன்னது நியாயம் என்று கட்டியவர்களே ஒப்புக்கொண்ட சாட்சி இது. முடியை மாற்ற முடிந்தது. முடிவை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அது சங்கிலியோடும் சுவரோடும் சேர்த்துக் கட்டப்பட்டது.

"குழந்தைகளுக்குப் பயம் வரக்கூடாது என்று விட்டிருப்பார்கள்" என்று அக்கா ஒரு கருணை வாதம் வைத்தார். என் வீட்டில் ஐந்து வயதில் ஒருத்தி இருக்கிறாள். குளிக்கிற வாளிதான் அவளுக்குக் கடல். சோப்பு நுரை புயல். ஷாம்பு பாட்டில் அர்சுலா, மூடி கழன்ற கறுப்பு பாட்டில். அதை நுரைக்குள்ளிருந்து மெதுவாக எழுப்புவாள், எழுப்பும்போதே குரலைக் கனமாக்கிச் சிரிப்பாள். அப்புறம் சமையலறையிலிருந்து திருடிய தோசைத் திருப்பியைக் கப்பலாக்கி ஒரே குத்து. தண்ணீர் கதவு வரை தெறிக்கும். மறுபடி எழுப்புவாள், மறுபடி குத்து. அவளுடைய வாளியில் இதுவரை ஒரு கல்யாணம்கூட நடந்ததில்லை.

ரசிகர்களைத் திருப்திப்படுத்தவே முடியாது என்பதும் பொய். 'வின்னி த பூ' என்கிற கரடிக்குட்டியின் சவாரி இங்கேயும் உண்டு, டோக்கியோவிலும் உண்டு. இரண்டையும் வடிவமைத்தது டிஸ்னிதான். இங்கே தண்டவாளத்தில் வரிசையாகப் போகிற வண்டி, போனோம் வந்தோம். டோக்கியோவில் 2000-த்தில் திறந்ததில் தண்டவாளமே கிடையாது. தேன்ஜாடி வடிவ வண்டிகள் தரையில் தம் இஷ்டத்துக்கு வளைந்து போகும், காட்சி நடக்கிற இடத்தில் காத்திருக்கும். டிக்கர் என்கிற புலி குதிக்கிற அறையில் ஜாடியும் நம்மைத் தூக்கிப் போட்டுக் குதிக்கும். அதற்காகவே விமானம் ஏறுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் கரடி அதே கரடி.

கடைசியாக, 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' பட நாயகி டியானாவின் சவாரி. இதுதான் என் பிரம்மாஸ்திரம். ஸ்பிளாஷ் மவுண்டன் என்கிற படகுச் சவாரி இருந்த இடத்தில் 2024-ல் வந்தது. பழைய சவாரி, கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டனம் வாங்கிய 1946-ம் வருடப் படத்திலிருந்து எடுத்தது. அதை மாற்றியது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதில் படகு 50 அடி பள்ளத்தில் விழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. நரி முயலைப் பிடித்துவிட்டது, முள்புதரில் வீசப்போகிறது, முயலோடு நாமும் விழுகிறோம். புதியதில் வில்லனே கிடையாது. விருந்துக்கு இசைக்காரர்களைத் தேடிப் போகிறோம். வழியில் மாமா ஓடி, பெயர்தான் மாமா, ஆள் பாட்டி, மந்திரத்தால் நம்மைக் குட்டியாக்குகிறாள். அப்புறம் அதே 50 அடி பள்ளம். இப்போது நாம் ஏன் விழுகிறோம் என்று கேட்டால், நடுவர் அவர்களே, இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம்...

மணி அடித்துவிட்டீர்களா? இப்போதுதான் என் அர்சுலாவை நுரைக்குள்ளிருந்து எழுப்பினேன். பரவாயில்லை. எல்லாரும் இடது ஓரத்தில் ஒரு நிழலைப் பார்த்துக்கொள்ளுங்கள், எதிரணி தோற்றுவிட்டது. வாருங்கள், நேராகச் சாப்பாட்டுக்குப் போகலாம். நன்றி, வணக்கம்.