ஜெனரேற்றர் காணாதோ?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஐஸ் தொழிற்சாலை. அங்கிருந்து ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, லைற் எல்லாத்தையும் போட்டாலும் வோல்ற்றேஜ் பெரிசா அசையுதில்லை. கம்பிரசரைப் போட்டவுடனே விழுது. ஜெனரேற்றர் காணாதோ?" என்றார்.

போய்ப் பார்த்தேன். வோல்ற்றேஜைத் தானாகச் சீராக வைத்திருக்கும் ஏ.வி.ஆர். என்ற கருவி பழுது. ஜெனரேற்றரின் சுழலும் பகுதியான ரோட்டருக்குப் போய் அதைக் காந்தமாக்கும் மின்னோட்டத்தை ஒரு அளவில் கையால் திருகி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். போதாததற்கு எஞ்சினின் வேகத்தையும் கூட்டியிருந்தார்கள். நாலு காந்த முனை உள்ள ஜெனரேற்றர் நிமிடத்துக்கு 1500 சுற்றில் 50 ஹேர்ட்ஸ் தரும். 1600க்கு ஏற்றினால் 53ஐத் தாண்டும். வோல்ற்றேஜ் கொஞ்சம் ஏறும், சரி. ஆனால் கம்பிரசரும் வேகமாகச் சுற்றி இன்னும் கூடுதலாக இழுக்கும்.

கம்பிச் சுருளின் தடையால்தான் வோல்ற்றேஜ் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சின்னப் பங்கு. பெரிய காரணம் காந்தம். ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேற்றரில் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருளும் ஒரு காந்தமாகிறது; சுருள் நின்றாலும் அதன் காந்தப் புலம் ரோட்டரோடு சேர்ந்தே சுழல்கிறது. ஹீற்றர், குண்டு பல்பு என்றால் அந்தப் புலம் ரோட்டரின் புலத்துக்குக் குறுக்கே விழும், பெரிய சேதமில்லை. மோட்டரோ மின்னோட்டத்தை வோல்ற்றேஜுக்குப் பிந்தித்தான் எடுக்கும். பிந்திய மின்னோட்டத்தின் புலம் ரோட்டரின் புலத்துக்கு எதிராகத் திரும்பி அதை மெலியவைக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வெளியே 230 வோல்ற்று வேண்டும். ஜெனரேற்றரின் உள்ளே இந்தக் காந்த விளைவால் விழுவது 60 வோல்ற்று என்று வையுங்கள். ஹீற்றர் என்றால் ஜெனரேற்றரின் உள்ளே 238 உண்டானால் போதும். இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் 290 ஆகாது. பைதகரஸ் தேற்றம் படித்த சாதாரண தரப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம். மின்னோட்டம் எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் எண்தான் வலுக்காரணி; பிந்தாவிட்டால் அது 1. அதே அம்பியரை 0.8 வலுக்காரணியில் மோட்டர் எடுத்தால் 270 வேண்டும். ஆகவே எத்தனை அம்பியர் என்பதோடு எந்த மாதிரி அம்பியர் என்பதையும் பார்க்கவேண்டும்.

அந்தக் கூடுதல் காந்தத்தைக் கொடுப்பதுதான் ஏ.வி.ஆரின் வேலை. ஆனாலும் நேரடியாகப் போடும் மோட்டர் முதல் கணத்தில் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஏ.வி.ஆர். சுதாரிப்பதற்குள் லைற் ஒருதரம் கண்ணடித்துவிடும்.

அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இரவு மோட்டர்களை நிறுத்தினோம். வோல்ற்றேஜை 230க்கு இறக்குவதற்குத் திருகினோம். இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது! வலுக்காரணியைச் சரிசெய்யப் போட்டிருந்த கப்பாசிற்றர்களை யாரும் கழற்றவில்லை. அவற்றின் மின்னோட்டம் வோல்ற்றேஜை முந்தி ஓடும். அதன் புலம் ரோட்டரோடு கைகோத்துக்கொள்ளும். கப்பாசிற்றர் சுவிற்சைத் தேடிப் பிடித்து நிறுத்துவதற்குள் அலுவலக அறையில் நாலு பல்பு போய்விட்டது.